ஜெயித்த டீம் எங்கே போச்சு?

ஏற்காட்டில் இரண்டு நாளாக மூடுபனி. வாக்கிங் போக முடியவில்லை, அதனால் இந்த நீண்ட பதிவு.

போன வாரம் பழைய மாணவன் ஒருவன் மகனோடு வந்தான். காபி எஸ்டேட்டில் வேலை. பையன் மெஸ்ஸி பனியன் போட்டிருந்தான். "சென்னை சிட்டி பனியன் என்னாச்சுடா?" என்றேன். "சின்னதாப் போச்சு டீச்சர். அந்த டீமே இப்ப இல்லையே!"

டீச்சருக்குப் பந்தைப் பற்றி என்ன தெரியும் என்று சிரிக்காதீர்கள். விளையாட்டு பீரியடில் உங்களுக்கு விசில் ஊதியது நான்தான்.

2019 மார்ச் 9, கோவை நேரு ஸ்டேடியம். பெயர்தான் சென்னை சிட்டி, சொந்த மைதானம் கோவை. ஐ-லீக் கடைசி ஆட்டம். மினர்வா பஞ்சாப் மூன்றாவது நிமிடமே கோல் போட்டுவிட்டது. நான் டிவியை அணைக்கப் போனேன். பிறகு பெட்ரோ மான்சி பெனால்டியில் ஒன்று, கௌரவ் போரா இரண்டு. 3-1. சென்னை சிட்டி 43 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 42. தேசிய லீக்கை ஒரு தமிழ்நாட்டு கிளப் வென்றது அதுதான் முதல்முறை. அதே ஆண்டு சுவிட்சர்லாந்தின் பாசெல் கிளப் 26 சதவீதப் பங்கு வாங்கியது. 2021-22 ஐ-லீக்கில் இந்த அணியே இல்லை!

எல்லாப் பழியையும் லீக் தலையில் போட மாட்டேன். கொரோனா வந்தது, 2020-21 ஆட்டங்கள் முழுக்க வங்காளத்தில், ஆளில்லா மைதானங்களில் நடந்தன. கிளப்பை நடத்தியவர்களுக்கும் பொறுப்பு உண்டு. ஆனால் ஐ-லீக்கில் ஜெயித்தவனுக்கு அன்று ஐ.எஸ்.எல்.லில் இடம் கிடையாது. ஐந்தாம் வகுப்பில் முதல் மார்க் வாங்கியவனை மறுபடி ஐந்திலேயே உட்காரச் சொன்னால் எத்தனை நாள் பள்ளிக்கு வருவான்? ஐரோப்பாவில் கீழ் லீக்கில் ஜெயித்தால் மேலே ஏறலாம். இங்கே அந்தக் கதவைத் திறந்தது 2022-23இல். அதில் முதலில் ஏறியது யார் தெரியுமா? அன்று கோவையில் தோற்ற அதே பஞ்சாப் அணி, கைமாறி, பெயர் மாறி! அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. நம் அணி நான்கு வருஷம் முந்திவிட்டது, அவ்வளவுதான்.

அன்று எட்டு வயதில் அப்பாவோடு பஸ் ஏறி அந்த ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வந்தவன்தான் இந்தப் பையன். எடுத்த போட்டோக்களெல்லாம் தொலைந்த போனோடு போய்விட்டதாம். கோவை மாணவர்களே, அன்று மைதானத்தில் இருந்தவர்கள் படம், டிக்கெட் ஏதாவது வைத்திருந்தால் எனக்கு அனுப்புங்கள். பிரிண்ட் போட்டு அவனிடம் கொடுக்கிறேன்.