நர்ஸம்மாவின் நோட்டுப் புத்தகங்கள்

கிராமத்துச் சுகாதார ஊழியரைப் பற்றிப் பேச்சு எழுந்தால், திண்ணையில் இரண்டே அபிப்பிராயங்கள்தான் கேட்கும். "முன்பு இருந்த அம்மாள் தங்கமானவர், அர்த்த ராத்திரியிலும் வருவார்" என்பது ஒன்று. "இப்போது இருப்பவர் எட்டியும் பார்ப்பதில்லை" என்பது மற்றொன்று. இரண்டும் ஆளின் குணத்தைப் பற்றிய தீர்ப்புகள். நாமோ பள்ளிக்கூடத்து ஆசாமி. முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் சிங்கமாக விளங்கும் வாத்தியார், எண்பது பிள்ளைகளின் நடுவே பூனையாகிவிடுவதைக் கண்டிருக்கிறோம். ஆகவே குணம் ஒன்றையே காரணமாகச் சொன்னால் ஒப்புக்கொள்ள மனம் வருவதில்லை.

1973-ல் கர்த்தார் சிங் கமிட்டி, வியாதிக்கு ஓர் ஊழியர் என்ற பழைய முறையை விட்டுப் பல காரியங்களையும் ஒருவரே கவனிக்கலாம் என்று யோசனை கூறிற்று. மலேரியாக்காரர் இன்று, அம்மைக்காரர் நாளை என்று ஒரே வாசலுக்கு வரிசையாக வருவதைவிட அது மேல்தான். ஆனால் பின்னால் நடந்தது என்ன? சமவெளியில் 5,000 ஜனங்களுக்கு ஒரு துணைச் சுகாதார நிலையம் என்பது கணக்கு. அங்குள்ள கிராம சுகாதார நர்ஸ் கர்ப்பிணிகளைப் பதிய வேண்டும். தடுப்பூசி போட வேண்டும். குடும்பக் கட்டுப்பாடு பற்றிச் சொல்ல வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவிக்குக் காகிதங்களைச் சேர்க்க வேண்டும். அந்தப் பணம் வரத் தாமதமானால் வசவு வாங்குகிறவரும் அவரே! இத்தனையையும் நோட்டிலும் எழுதி, கம்ப்யூட்டரிலும் ஏற்ற வேண்டும். கர்ப்பிணியைப் பார்த்தது கணக்கில் ஏறாவிட்டால் பார்க்காததாகவே மேலிடத்தில் கொள்ளப்படும். நோட்டு நிறைந்திருக்கிறதா என்று பார்க்க வருகிறவர்கள் உண்டு; வீட்டுக்குள் அவர் என்ன பேசினார் என்று கேட்க வருகிறவர்கள் எத்தனை பேர்?

வேலையைக் குறுக்கி, தெளிவாக வகுத்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே அத்தாட்சி இருக்கிறது. 1980-ல் மதுரை ஜில்லா கொட்டாம்பட்டி வட்டாரத்தில் ஆரம்பித்த ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தைச் சொல்கிறோம். 1,500 ஜனங்களுக்கு ஒரு பெண் ஊழியர். அவரைத் தேர்ந்தெடுத்த விதம் ரசமானது. அவர் அந்த ஊர்க்காரியாக இருக்க வேண்டும். கூடுமானவரை ஏழைத் தாயாக இருந்தும் தம் குழந்தையைப் புஷ்டியாக வளர்த்தவராக இருக்க வேண்டும். சர்ட்டிபிகேட்டைவிட இடுப்பிலிருந்த குழந்தை பெரிய யோக்கியதாம்சம்! ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் நிறுப்பதே அவருடைய முக்கிய வேலை. எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் மூன்று மாத காலம் சத்துமாவு உருண்டை, தேறிவிட்டால் நிறுத்தம். பத்து ஊழியர்களுக்கு ஒரு மேற்பார்வையாளர். அவர் தப்புக் கண்டுபிடிக்க வருகிறவராக மட்டுமின்றி, கூட உட்கார்ந்து தராசைப் பிடித்துக் கற்றுக் கொடுக்கிறவராகவும் இருந்தார். கடுமையான ஊட்டக் குறைவு அங்கே கணிசமாகக் குறைந்தது. அந்தப் பெண்கள் எல்லோரும் அவதார புருஷிகள் அல்ல. என்ன செய்ய வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. செய்ததின் பலன் மாதாமாதம் தராசு முள்ளில் கண்ணுக்குத் தெரிந்தது.

கூலி விஷயம் தனி. 2005-ல் தேசிய ஊரகச் சுகாதார இயக்கத்தின் கீழ் தோன்றிய 'ஆஷா' ஊழியர்கள் பத்து லட்சம் பேருக்கு மேல். 2022-ல் உலக சுகாதார ஸ்தாபனம் அவர்களுக்குப் பரிசளித்துக் கௌரவித்தது. ஆயினும் அவர்களுக்குத் தொண்டர் என்று பெயர்; பெரும்பாலும் செய்த காரியத்துக்கு இவ்வளவு என்று ஊக்கத்தொகை. 2021 ஆகஸ்டில் இங்கே தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் வீடு தேடி மருந்து தரும் பெண்களும் தன்னார்வலர்களே. தொண்டு என்ற சொல்லிடம் நமக்குப் பரம மரியாதை உண்டு. ஆனால் அந்தச் சொல் சம்பளத்தைக் குறைப்பதற்கு இவ்வளவு சௌகரியமாக இருக்கும் என்று நாம் நினைத்ததில்லை.

நம் திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்தில் இன்னொரு சங்கடம். மேட்டூர் திறந்து காவிரியிலும் குடமுருட்டியிலும் தண்ணீர் வந்துவிட்டால் நடவு. விடிவதற்குள் ஸ்திரீகள் வயலுக்குப் போய்விடுவார்கள். பத்து மணிக்கு வரும் நர்ஸம்மாவை வரவேற்பது பூட்டும், திண்ணையில் இருக்கும் கிழவியுந்தான். மறுபடி அவர் வருவதற்குள் ரத்தசோகையுள்ள கர்ப்பிணிக்கு மாதம் ஒன்று கூடிவிடுகிறது. நடவு மாதங்களிலாவது அவருடைய சுற்றை விளக்கு வைக்கும் நேரத்துக்கு மாற்றலாம் என்பது நம் அபிப்பிராயம். அதற்கு உத்தரவு மட்டும் போதாது. வேலை முடிந்து ஏழு மணிக்கு அவர் ஏறிப்போக ஒரு பஸ்ஸும், ஏறும் இடத்தில் ஒரு விளக்கும் வேண்டும்.