அந்தப் பீரோவைத் தொடாதீர்கள்!

வெளியூர்க் கல்யாணத்துக்குப் போய்விட்டு விடியற்கால ரயிலில் திரும்புகிறீர்கள். வாசற்பூட்டு உடைந்து தொங்குகிறது. உள்ளே பீரோ வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது, புடவைகளெல்லாம் தரையில்! முதலில் என்ன செய்வீர்கள், சொல்லுங்கள் பார்க்கலாம். "ஐயோ!" என்று ஓர் அலறல். அது போகட்டும். அடுத்தபடி? நம்மில் பாதிப் பேர் புடவைகளை மடிக்க உட்கார்ந்துவிடுவோம். பக்கத்து வீட்டு மாமி ஒத்தாசையாகத் துடைப்பத்தை எடுப்பாள். போலீஸார் வருவதற்குள் திருடன் விட்டுப்போன சாட்சியெல்லாம் முறத்தில் ஏறிக் குப்பைக்குப் போய்விடும்.

கூடவே இன்னொன்றும் நடக்கும். "எனக்கு அந்த முனியம்மா மேலேதான் சந்தேகம்" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். பாத்திரம் தேய்க்கிறவளுக்குப் பரிந்து பேச யார் இருக்கிறார்கள்? பீரோவுக்குள் பதிந்திருக்கும் கைரேகைதான் பேச வேண்டும். அதை நீங்களே முந்தானையால் துடைத்துவிட்டால்?

1897-ல் வங்காளத்து ஜல்பைகுரி ஜில்லாவில், தேயிலைத் தோட்ட மானேஜர் ஒருவர் கழுத்தறுபட்டுக் கிடந்தார். அவருடைய பெட்டியிலிருந்த பணம் போயிருந்தது. தோட்டக் கூலிகள் மேல் சந்தேகம். ஊர் சுற்றும் காபூலிக்காரர்கள் மேல் சந்தேகம். சமையற்காரனுடைய துணியிலோ ரத்தக்கறையே இருந்தது! "எஜமானுக்குச் சமைக்கப் புறா அறுத்தேன்" என்றான் அவன். யார் நம்புவார்கள்? ரசாயனப் பரிசோதனை நம்பியது. அது புறா ரத்தந்தான்.

பெட்டியிலிருந்த காகிதங்களுக்கு நடுவே ஒரு பஞ்சாங்கம். அதன் வெளிர்நீல அட்டையில் மங்கலாக இரண்டு பழுப்புத் தீற்றல்கள். பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஒன்று விரல் ரேகை! கல்கத்தாவில் சேர்த்து வைத்திருந்த குற்றவாளிகளின் பதிவுகளோடு ஒப்பிட்டார்கள். முன்பு அதே மானேஜரிடம் திருடி ஜெயிலுக்குப் போய்வந்த பழைய வேலைக்காரனின் வலது கட்டைவிரல்! 'அவனும் வேலைக்காரன்தானே' என்கிறீர்களா? ஆமாம், ஆனால் ஊர் வாயால் அல்ல, ரேகையால் பிடிபட்டான். அப்போதும் 1898-ல் கோர்ட்டில் ருசுவானது திருட்டு மட்டுமே. பெட்டியில் கை வைத்தவன் யார் என்று ரேகை சொல்லும். கழுத்தை அறுத்தவன் யார் என்று சொல்லாது அல்லவா? கொலைக்கு அவனைத் தண்டிக்கவில்லை.

ஆகவே வெளியே வந்து, கதவை முழங்கையால் சாத்திவிட்டு 112-க்குப் போன் செய்யுங்கள். குழந்தைகளையும் நாயையும் உள்ளே விடாதீர்கள். போலீஸார் முதலில் போட்டோ எடுப்பார்கள். எது எங்கே கிடந்தது என்று அளந்து படம் போடுவார்கள். அப்புறந்தான் பொருளை எடுப்பார்கள். ரத்தம் பட்ட ஈரத்துணியை நிழலில் உலர்த்திக் காகித உறையில் வைப்பார்களே தவிர, பிளாஸ்டிக் பையில் திணிக்கமாட்டார்கள். ஈரத்தோடு மூடினால் கெட்டுப்போகும். ஊறுகாய் போடுகிற நமக்கு இதைச் சொல்லித் தரவா வேண்டும்?

2024 ஜூலை முதல் தேதியிலிருந்து, சோதனை போட்டுப் பொருளைக் கைப்பற்றுவதை வீடியோ எடுக்க வேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறது. மகஜரில் உங்களைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னால், ஒரு வரி விடாமல் படித்துவிட்டுப் போடுங்கள்.

வீட்டிலுள்ளவர்களின் விரல் பதிவையும் கேட்பார்கள். 'எங்களையா சந்தேகிக்கிறீர்கள்?' என்று கோபிக்க வேண்டாம். உங்கள் ரேகைகளைக் கழித்தால்தானே அந்நியனுடையது மிஞ்சும்? தினமும் பீரோவைத் துடைக்கிறவளின் ரேகை அதன் வெளிக்கதவில் இருப்பதும் அதிசயமல்ல. அதைப் போலீஸாரிடம் நீங்களே சொல்லுங்கள். மைப்பலகை வந்ததும் முதல் ஆளாக உங்கள் கையை நீட்டுங்கள். பின்னால் நிற்கும் முனியம்மாவுக்கு நடுக்கம் கொஞ்சம் குறையும்.