தேர்தல் கடமையாளரின் கொடுப்பனவு: அளவுகோல் வேண்டும்

இலங்கையில் எவரும் நாளொன்றுக்கு 1,200 ரூபாவுக்குக் குறைந்த வேதனத்திற்கு வேலை வாங்கப்படக்கூடாது என்பதே 2026 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்துள்ள ஏற்பாடாகும். 2016 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கத் தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டம் நிறைவேற்றப்பட்ட வேளையில் நாட்கூலி 400 ரூபாவாகவும் மாத வேதனம் 10,000 ரூபாவாகவும் இருந்தன. 2025 இல் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின் பயனாக மாத வேதனம் 30,000 ரூபாவை எட்டியுள்ளது. தனியார் துறை முதலாளிமாருக்கு இவ்வாறு எல்லைக்கோடு வரையும் அரசாங்கம், தானே வேலை வாங்கும் இடங்களில் அதே கோட்டை மதிக்கின்றதா என்ற கேள்வியைத் தேர்தல் கடமையில் ஈடுபடுவோரை முன்னிறுத்தி எழுப்ப விரும்புகின்றோம்.

2025 மே 6 ஆம் திகதி நடைபெற்ற உள்ளூராட்சி மன்றத் தேர்தலை நினைவுபடுத்திப் பார்ப்போம். 339 சபைகளுக்காக 13,759 வாக்களிப்பு நிலையங்கள் அமைக்கப்பட்டிருந்தன. அங்கு பணியாற்றியோர் முதல் நாளே வாக்குப்பெட்டிகளைப் பொறுப்பேற்று, தமக்கு ஒதுக்கப்பட்ட பாடசாலைக்கோ பொது மண்டபத்திற்கோ சென்று, அங்கேயே இரவைக் கழித்து, மறுநாள் காலை 7 மணிக்கு வாக்களிப்பை ஆரம்பித்து வைத்தவர்கள். நெடுந்தீவு போன்ற இடங்களுக்குச் சென்றவர்களுக்குக் கடற்பயணமும் இதனுடன் சேர்ந்து கொண்டது. மாலை 4 மணியுடன் வேலை முடிந்துவிடவுமில்லை. ஏனைய தேர்தல்களைப் போலன்றி, உள்ளூராட்சித் தேர்தலில் வாக்குகள் அந்தந்த வட்டாரத்திலேயே எண்ணப்படுவதால், பலருக்கு அன்றைய இரவும் கடமையிலேயே கழிந்தது. நித்திரையின்றி எண்ணும் கரங்களில் சிறு தவறு நேர்ந்தாலும் ஒரு வட்டாரத்தின் முடிவே மாறிவிடலாம். ஒன்றிரண்டு வாக்குகளில் உறுப்பினர் தெரிவாகும் சிற்றூர்களில் இது வெறும் கற்பனையன்று.

இவர்களுக்கு மாதச் சம்பளம் கிடைக்கின்றதே, தனியான கொடுப்பனவு எதற்கு என்று வினவுவோர் உளர். ஆசிரியருக்கும் அபிவிருத்தி உத்தியோகத்தருக்கும் சம்பளம் கிடைப்பது உண்மையே. ஆனால் அந்தச் சம்பளம் அவர்களது வழமையான கடமை நேரத்திற்குரியதே அன்றி, வகுப்பறை வாங்கில் கழியும் இரவுக்குரியதன்று. அதற்கும் அப்பால், தற்காலிகமாக அமர்த்தப்படும் உதவியாளர்களும் நாட்கூலிக்குத் தளபாடம் சுமப்போரும் இருக்கின்றனர். அவர்களுக்கு அந்த ஒரு தொகையைத் தவிர வேறொன்றுமில்லை.

அண்டை நாடான இந்தியாவிலும் நிலைமை மெச்சத்தக்கதாக இல்லை. வீடுவீடாகச் சென்று வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்கும் வாக்குச்சாவடி நிலை அலுவலர்களுக்கான ஆண்டு மதிப்பூதியத்தை 6,000 ரூபாவிலிருந்து 12,000 ரூபாவாக அந்நாட்டுத் தேர்தல் ஆணையம் 2025 ஆகஸ்டில் உயர்த்தியது. 2015 இன் பின்னர் கிடைத்த உயர்வு இது. இருமடங்கு என்று கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கின்றது. மாதத்திற்குப் பங்கிட்டுப் பார்த்தால் ஆயிரம் இந்திய ரூபா! பத்தாண்டு காத்திருந்து இருமடங்காக்குவதை விட, வேதனம் உயரும் போது தானாகவே உயரும் ஏற்பாடு இருந்திருப்பின் அது நியாயமாக இருந்திருக்கும்.

எமது நாட்டிலும் நாம் வேண்டுவது இத்தகைய ஏற்பாட்டையே. ஒவ்வொரு தேர்தலுக்கும் புதிதாகத் தொகையைத் தீர்மானிப்பதை விடுத்து, நடைமுறையிலுள்ள குறைந்தபட்ச நாட்கூலியை எட்டு மணித்தியாலத்திற்குரிய அடித்தளமாகக் கொண்டு, அதற்கு மேற்பட்ட நேரத்திற்கு ஒன்றரை மடங்கு கணக்கிடப்பட வேண்டும். திறைசேரி செலவைக் காரணம் காட்டக்கூடும். ஒரு நிலையத்திற்குப் பத்துப் பேர் என வைத்துக்கொண்டாலும் ஏறத்தாழ 1 இலட்சத்து 37 ஆயிரம் பேர். ஆளுக்கு இரண்டு நாட்கூலி வழங்கினால் சுமார் 33 கோடி ரூபா. மேலதிக நேரத்தைச் சேர்த்து இதனை இரட்டிப்பாக்கினாலும், 2023 இல் உள்ளூராட்சித் தேர்தலுக்கென மதிப்பிடப்பட்ட ஆயிரம் கோடி ரூபாவுடன் ஒப்பிடுகையில் இது பெருந்தொகையாகாது.

பணமில்லை என்ற வாதத்தின் விளைவை மக்கள் ஏற்கனவே அனுபவித்துள்ளனர். 2023 மார்ச் 9 ஆம் திகதி நடைபெற வேண்டியிருந்த அதே தேர்தல், நிதி விடுவிக்கப்படாமையால் இரண்டு வருடங்களுக்கு மேல் தள்ளிப்போனது. அதனால் மக்களின் அடிப்படை உரிமை மீறப்பட்டதென 2024 ஆகஸ்ட் 22 ஆம் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இடைப்பட்ட காலத்தில் தெரிவு செய்யப்பட்ட பிரதிநிதிகள் இன்றிப் பிரதேச சபைகள் செயலாளர்களின் கீழ் இயங்கியதை வடக்கு, கிழக்கு, மலையக மக்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

கிழக்கில் 2012 இலும் வடக்கில் 2013 இலும் இறுதியாக நடத்தப்பட்ட மாகாண சபைத் தேர்தல் பற்றிய பேச்சு அடிக்கடி எழுகின்றது. அதற்குத் திகதி குறிக்கப்படும் வரை காத்திராமல், கொடுப்பனவுக்கான அளவுகோலைத் தேர்தல்கள் ஆணைக்குழுவும் நிதியமைச்சும் இப்போதே சுற்றறிக்கை மூலம் அறிவிப்பதுடன், கடமை முடிந்து எத்தனை நாட்களுக்குள் பணம் கைக்குக் கிடைக்கும் என்பதையும் அதிலேயே குறிப்பிட வேண்டும்.