ஒரே இன்ஜின்.. 300 மீட்டர் உயரம்.. டோல்கேட் மேல பயிற்சி விமானம் சுத்தினா? ‘டிராஃபிக் பேட்டர்ன்’ சொல்லும் கணக்கு!

2025 நவம்பர் 14. மதியம் 2.25 மணி. தாம்பரம் விமானப்படைத் தளத்தைச் சேர்ந்த பிசி-7 மார்க் 2 பிலாட்டஸ் பயிற்சி விமானம், வழக்கமான பயிற்சியின்போது திருப்போரூர் அருகே உப்பு ஆலைப் பகுதியில் விழுந்து நொறுங்கியது. விமானி வெளியே குதித்து பாராசூட்டில் உயிர் தப்பினார். தரையில் யாரும் உயிரிழக்கவில்லை. காரணத்தைக் கண்டறிய விமானப்படை விசாரணைக்கு உத்தரவிட்டது.

விமானம் விழுந்த இடம் தாம்பரம் ஓடுதளத்தில் இருந்து வெகு தூரத்தில் இருக்கும் திறந்தவெளி. ஆனால் பயிற்சி விமானங்கள் ஓடுதளத்தை ஒட்டியே, தாழ்வாகத் திரும்பத் திரும்பச் சுற்றும் வேலை ஒன்று இருக்கிறது. அதன் பெயர் ‘டிராஃபிக் பேட்டர்ன்’. இந்திய விமானிகள் ‘சர்க்யூட்’ என்று சொல்வார்கள். அந்தச் சுற்றுக்குக் கீழே வீடுகள் இருந்தால் என்ன ஆகும் என்பதுதான் இங்கே கேள்வி.

டிராஃபிக் பேட்டர்ன் என்றால் என்ன?

ஓடுதளத்தைச் சுற்றி வானத்தில் போடப்படும் ஒரு செவ்வகப் பாதை. அவ்வளவுதான். கோயில் தேர் மாட வீதிகளைச் சுற்றி நிலைக்குத் திரும்புவது போல, விமானம் கிளம்பி, நான்கு திருப்பங்கள் திரும்பி, அதே ஓடுதளத்தில் வந்து இறங்கும்.

எல்லா விமானமும் ஒரே பாதையில், ஒரே உயரத்தில், ஒரே திசையில் சுற்றினால் ஒன்றின் மீது ஒன்று மோதாது. அதற்காகத்தான் இந்த ஒழுங்கு. சிறிய விமானங்களுக்குப் பொதுவாகத் தரையில் இருந்து 1,000 அடி, அதாவது சுமார் 300 மீட்டர் உயரம். டர்பைன் இன்ஜின் விமானங்களுக்குப் பல இடங்களில் 1,500 அடி.

புதிதாகப் பறக்கக் கற்பவர் இந்தச் சுற்றைப் பல முறை அடிக்க வேண்டும். சக்கரம் தரையைத் தொட்டதும் நிற்காமல் மறுபடி கிளம்பும் ‘டச் அண்ட் கோ’ முறையில் ஒரே பயிற்சியில் பல சுற்றுகள் வரும். முதல் முறை தனியாகப் பறப்பதும் பெரும்பாலும் இந்தச் சுற்றில்தான்.

டோல்கேட்டில் ரன்வே இருந்தா எப்படி இருக்கும்?

ஒரு கற்பனைதான். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், டோல்கேட் மெட்ரோ நிலையத்தில் தொடங்கி தேரடி வரை சுமார் 2 கி.மீ. நீளத்துக்கு ஒரு ஓடுதளம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். விமானம் வடக்கு நோக்கிக் கிளம்புகிறது.

தேரடியைத் தாண்டி விம்கோ நகர் மேலே ஏறும். அங்கே இடது பக்கம் திரும்பினால் மணலி திசை. இது ‘கிராஸ்விண்ட்’. மறுபடி இடது திருப்பம். இப்போது ஓடுதளத்துக்கு இணையாக, சாத்தாங்காடு மேலே தெற்கு நோக்கிப் போகும். இது ‘டவுன்விண்ட்’. கொருக்குப்பேட்டை அருகே மீண்டும் இடது. இது ‘பேஸ்’. கடைசியாக தண்டையார்பேட்டை மேலே இடது திரும்பினால் எதிரே ஓடுதளம். இதுதான் ‘ஃபைனல்’.

உலகம் முழுக்க வழக்கமான சுற்று இடதுபுறம்தான். பக்கவாட்டில் இருக்கைகள் உள்ள விமானங்களில் பைலட் இடது இருக்கையில் உட்காருவார். ஓடுதளம் அவர் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். ஆனால் இந்தக் கற்பனை ஓடுதளத்தில் இடதுபுறம் சுற்றினால் கீழே சுத்திகரிப்பு ஆலை, தொழிற்சாலைகள், நெருக்கமான வீடுகள். வலதுபுறம் சுற்றினால் பெரும்பகுதி வங்கக் கடல். இப்படிப்பட்ட இடங்களில் ‘வலது சுற்று’ என்று விதி போடுவார்கள். எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்ற முடிவே, யார் தலைக்கு மேல் ஆபத்து இருக்கும் என்பதையும் முடிவு செய்கிறது.

டர்போபிராப்பில் என்ன தனிச் சிக்கல்?

டர்போபிராப் என்பது ஜெட் விமானத்தில் இருப்பது போன்ற டர்பைன் இன்ஜின், முன்னால் இருக்கும் புரொப்பெல்லரைச் சுழற்றும் அமைப்பு. பிசி-7 மார்க் 2-வில் இருப்பது 700 குதிரைத்திறன் கொண்ட பிராட் அண்ட் விட்னி கனடா நிறுவனத்தின் பிடி6 வகை இன்ஜின். பழைய பிஸ்டன் இன்ஜினைவிட நம்பகமானது.

அந்த நம்பகத்தன்மை ஏன் முக்கியம்? இதற்கு முன் விமானப்படையின் அடிப்படைப் பயிற்சிக்கு எச்பிடி-32 தீபக் என்ற பிஸ்டன் இன்ஜின் விமானம் இருந்தது. 17 விபத்துகளில் 19 விமானிகள் உயிரிழந்தனர். பறக்கும்போதே இன்ஜின் நின்றுபோவது பெரிய பிரச்னையாக இருந்தது. 2009 ஜூலையில் இரண்டு பயிற்றுநர்கள் இறந்த விபத்துக்குப் பிறகு அது முழுவதுமாக நிறுத்தப்பட்டது. அந்த இடத்துக்குத்தான் 2012-ல் சுவிட்சர்லாந்தின் பிலாட்டஸ் நிறுவனத்திடம் 75 விமானங்கள் வாங்க ஒப்பந்தம் போடப்பட்டது.

ஆனால் டர்போபிராப்புக்கும் சில குணங்கள் உண்டு.

முதலாவது, தாமதம். வேகத்தை முழுவதுமாகக் குறைத்துவிட்டு திடீரென பவர் கேட்டால் உடனே வராது. டர்பைன் சுழன்று எழ சில விநாடிகள் ஆகும்.

இரண்டாவது, இழுப்பு. பவர் மொத்தமாக வந்ததும் விமானத்தின் மூக்கு ஒரு பக்கம் இழுக்கும். தரையிறங்காமல் மறுபடி மேலே ஏறும்போது காலால் ரட்டர் பெடலை மிதித்து அதைச் சரிசெய்ய வேண்டும்.

மூன்றாவது, பிரேக். காசிமேடு கடற்கரைக் காற்றில் ஒரு அட்டையை அகலமாகப் பிடித்தால் கையையே பின்னால் தள்ளும். அதையே விளிம்பைக் காட்டிப் பிடித்தால் காற்று வழுக்கிப் போய்விடும். இன்ஜின் நின்ற விமானத்தின் புரொப்பெல்லரும் அப்படித்தான். அதன் இறக்கைகளை விளிம்பு காட்டும்படி திருப்புவதை ‘ஃபெதர்’ செய்வது என்கிறார்கள். அப்படித் திருப்பாவிட்டால் புரொப்பெல்லரே பிரேக் போலப் பிடித்து இழுக்கும். விமானம் மிதக்கும் தூரம் குறைந்துவிடும்.

இன்ஜின் நின்றால் எவ்வளவு நேரம் கிடைக்கும்?

ஒரு எளிய கணக்கு. விமானம் 1 மீட்டர் உயரம் இழக்க 10 மீட்டர் மிதக்கும் என்று வைத்துக்கொள்வோம். 300 மீட்டர் உயரத்தில் இருந்தால் 3 கி.மீ. கிடைக்கும். மணிக்கு 180 கி.மீ. வேகத்தில் அது சரியாக ஒரு நிமிடம். அதிலும் திருப்பம் போட்டால் உயரம் இன்னும் வேகமாகக் குறையும். என்ன நடந்தது என்று புரிந்துகொள்ளும் விநாடிகளும் இந்த ஒரு நிமிடத்துக்குள்தான்.

அதனால்தான் ஒற்றை இன்ஜின் விமானங்களில் சுற்றை அகலமாகப் போடாமல், ஓடுதளம் எட்டும் தூரத்திலேயே இருக்கச் சொல்வார்கள். இன்ஜின் நின்றதாகப் பாவித்து இறங்கும் பயிற்சியும் உண்டு. ஓடுதளத்துக்கு நேர் மேலே ‘ஹை கீ’, பக்கவாட்டில் தாழ்வாக ‘லோ கீ’ என்று இரண்டு புள்ளிகள். அந்தந்த உயரத்தில் அவற்றைப் பிடித்துவிட்டால், பவர் இல்லாமலே சுற்றி வந்து இறங்கிவிடலாம்.

கிளம்பிய உடனே இன்ஜின் நின்றால்? திரும்பி ஓடுதளத்துக்கு வரப் பார்க்கக் கூடாது, எதிரே இருக்கும் இடத்தில் இறங்கு என்பதுதான் பாடம். ஆனால் எதிரே ஒரு இடம் இருக்க வேண்டுமே!

பேஸில் இருந்து ஃபைனலுக்குத் திரும்பும் இடமும் ஆபத்தானது. பக்கக் காற்று தள்ளினால் ஓடுதளத்தின் நேர்கோட்டைத் தாண்டிப் போய்விடும். பதற்றத்தில் விமானி இன்னும் சாய்த்துத் திருப்பப் பார்ப்பார். உயரம் குறையாமல் 45 டிகிரி சாய்த்துத் திரும்பினால், விமானம் மிதக்கத் தேவையான குறைந்தபட்ச வேகம் சுமார் 19 சதவீதம் கூடும். 60 டிகிரி என்றால் 41 சதவீதம். அந்த வேகம் இல்லையென்றால் இறக்கை தூக்கும் சக்தியை இழந்து விமானம் புரண்டு விழும். அந்த உயரத்தில் மீட்கவே இடம் இருக்காது.

கீழே இருப்பவர்களுக்கு என்ன சம்பந்தம்?

2023 டிசம்பர் 4 அன்று தெலங்கானாவின் மேடக் மாவட்டத்தில் இதே வகை பிலாட்டஸ் விமானம் விழுந்ததில் பயிற்றுநரும் பயிற்சி விமானியும் உயிரிழந்தனர். தரையில் யாருக்கும் பாதிப்பில்லை.

2025 ஜூலை 21 அன்று டாக்காவில் நடந்தது வேறு. வங்கதேச விமானப்படையின் ஒற்றை இன்ஜின் எஃப்-7 பயிற்சி ஜெட், உத்தரா பகுதியில் உள்ள மைல்ஸ்டோன் பள்ளி மீது விழுந்தது. 30-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பெரும்பாலானோர் குழந்தைகள். விமானி கட்டுப்பாட்டை இழந்ததே காரணம் என்ற விசாரணைக் குழு, ஆரம்பநிலைப் பறக்கும் பயிற்சியை டாக்காவுக்கு வெளியே நடத்தப் பரிந்துரைத்தது. அதற்கு முந்தைய மாதம் அகமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் மருத்துவக் கல்லூரி விடுதி மீது விழுந்தபோது, பலியான 260 பேரில் 19 பேர் தரையில் இருந்தவர்கள்.

விழும் விமானத்துக்குக் கீழே திறந்தவெளி இருக்கிறதா, கட்டடம் இருக்கிறதா என்பதே பலி எண்ணிக்கையைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

தாம்பரம் தளத்தில் விமானப்படையின் பறக்கும் பயிற்றுநர் பள்ளி இருக்கிறது. பயிற்சி கொடுப்பவர்களுக்கே பயிற்சி கொடுக்கும் இடம். 1950-களில் அது அங்கே வந்தபோது சுற்றிலும் வயலும் ஏரியும்தான் அதிகம். இன்று சேலையூர், மாடம்பாக்கம், செம்பாக்கம் எல்லாம் நெருக்கமான குடியிருப்புகள்.

சட்டம் என்ன சொல்கிறது?

விமான தளத்தைச் சுற்றி எவ்வளவு உயரம் கட்டலாம் என்பதற்குக் கட்டுப்பாடு உண்டு. தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். தளத்தில் இருந்து 10 கி.மீ. சுற்றளவுக்குள் பறவைகளை ஈர்க்கும்படி குப்பை கொட்டுவதையும் திறந்தவெளியில் கால்நடைகளை வெட்டுவதையும் 1937-ம் ஆண்டு விமான விதிகளின் 91-வது விதி தடை செய்கிறது. தாழ்வாகப் பறக்கும் ஒற்றை இன்ஜின் விமானத்துக்கு ஒரு பருந்து போதும்.

ஆனால் உயரக் கட்டுப்பாடு பார்ப்பது விமானம் கட்டடத்தில் மோதாமல் இருப்பதை. இன்ஜின் நின்ற விமானம் இறங்க கீழே ஒரு காலி இடம் மிச்சம் இருக்கிறதா என்பதை அந்தச் சான்று பார்ப்பதில்லை. விதிப்படி இரண்டு மாடி மட்டுமே கட்டிய ஒரு நகர், உயரக் கணக்கில் பாஸ். ஆபத்து நேரத்தில் இறங்க இடம் தேடும் விமானிக்கு அது ஃபெயில்.

அடுத்து என்ன?

பிலாட்டஸ் விமானங்களோடு சேர, பெங்களூரு எச்ஏஎல் தயாரிக்கும் எச்டிடி-40 வருகிறது. இதுவும் ஒற்றை இன்ஜின் டர்போபிராப்தான். 70 விமானங்களுக்கு 2023 மார்ச்சில் சுமார் 6,800 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆக, அடுத்த பல ஆண்டுகளுக்கு இந்திய விமானிகள் இதே சுற்றை ஒற்றை இன்ஜினில்தான் பழகப் போகிறார்கள்.

விமானி தன் பங்குக்கு உயரம், வேகம், சாய்வு எல்லாவற்றையும் கணக்குப் போட்டுத்தான் பறக்கிறார். தரைக்கான கணக்கைப் போட வேண்டியது நகரைத் திட்டமிடுபவர்கள். ஓடுதளத்தின் முனைக்கு எதிரே இருக்கும் ஏரியும் மைதானமும் வீணாகக் கிடக்கும் நிலம் அல்ல. விமானிக்குக் கிடைக்கும் அந்த ஒரு நிமிடத்தில், அவருக்கும் கீழே இருக்கும் குடும்பங்களுக்கும் அதுதான் பாராசூட்.