முரசொலி வழக்கு முடிந்தது, பஞ்சமி நிலம் எங்கே?

2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தில் ஓர் அவதூறு வழக்கு முடிவுக்கு வந்தது. ஒன்றிய இணை அமைச்சர் எல்.முருகன் மீது முரசொலி அறக்கட்டளை தொடுத்த வழக்கு அது. 2020 டிசம்பரில், பா.ஜ.க.வின் மாநிலத் தலைவராக இருந்தபோது, முரசொலி அலுவலகம் இருப்பது பஞ்சமி நிலத்தில் என்று பொருள்படும்படி அவர் பேசினார் என்பது புகார். வழக்கை ரத்து செய்ய 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் மறுத்தது. உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. கடைசியில், யாரையும் களங்கப்படுத்தும் எண்ணம் தனக்கு இல்லை என்று முருகன் தரப்பு சொன்னது. அப்படியானால் வழக்கைத் தொடர விரும்பவில்லை என்று அறக்கட்டளை சொன்னது. வழக்கு ரத்தானது. இரு தரப்புக்கும் நிம்மதி.

நமக்கு? நான்கு ஆண்டுகள் நடந்த வழக்கில் ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் விடை வரவில்லை. அந்த நிலம் பஞ்சமி நிலமா, இல்லையா?

அந்த நிலத்தைப் பற்றி நாங்கள் இங்கே தீர்ப்பு எழுத வரவில்லை. பஞ்சமி என்ற சொல்லை இரண்டு பெரிய கட்சிகளும் எப்படிப் பயன்படுத்தின என்பதைத்தான் பேச வந்திருக்கிறோம்.

2019 அக்டோபரில் 'அசுரன்' படம் வந்தது. மு.க.ஸ்டாலின் படத்தைப் பாராட்டினார். உடனே பா.ம.க. நிறுவனர் ராமதாஸ், முரசொலி இடத்தைப் பற்றிக் கேள்வி எழுப்பினார். ஸ்டாலின் பட்டாவை வெளியிட்டார். மூலப்பத்திரம் எங்கே என்று கேட்டார் ராமதாஸ். பா.ஜ.க.வினர் தேசிய பட்டியல் சாதியினர் ஆணையத்துக்குப் போனார்கள். அப்போது அந்த ஆணையத்தின் துணைத் தலைவராக இருந்தவரும் முருகன்தான். ஆணைய விசாரணையை எதிர்த்து அறக்கட்டளை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2024 ஜனவரியில் அந்த மனு தள்ளுபடியானது.

இத்தனை ஆண்டுகளாக மேடையிலும் தொலைக்காட்சியிலும் பஞ்சமி, பஞ்சமி என்று பேசினார்கள். ஆனால் பேச்சு முழுவதும் ஒரே ஒரு கட்டடத்தைச் சுற்றித்தான். 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் பொறுப்பில் இருந்த டிரமென்ஹீர் பறையர் மக்களின் நிலைமை பற்றி அரசுக்கு அறிக்கை எழுதினார். அதையொட்டி 1892இல் அரசாணை வந்தது. சுமார் 12 லட்சம் ஏக்கர் ஒதுக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. பத்து ஆண்டுகள் விற்கவோ அடமானம் வைக்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே கைமாற வேண்டும் என்பது நிபந்தனை. அந்த நிலங்கள் இன்று யார் கையில் இருக்கின்றன என்று குற்றம் சாட்டியவரும் கேட்கவில்லை, வழக்குப் போட்டவரும் கேட்கவில்லை.

அவதூறுச் சட்டம் இதற்கு வசதியாக இருக்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 499, 500 பிரிவுகள் இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 356ஆம் பிரிவு. தண்டனை இரண்டு ஆண்டுவரை சிறை. சொன்னது உண்மை என்றால் மட்டும் போதாது, அது பொது நன்மைக்காகச் சொல்லப்பட்டது என்றும் காட்ட வேண்டும். காட்ட வேண்டிய சுமை குற்றம் சாட்டப்பட்டவர் மேல். 2016இல் சுப்பிரமணியன் சுவாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது. அமைச்சருக்கு இது சமாளிக்கக்கூடிய தலைவலி. மூத்த வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள், தடை உத்தரவு கிடைக்கும், கடைசியில் "அந்த எண்ணத்தில் சொல்லவில்லை" என்று ஒரு வரியில் வெளியே வரலாம்.

எங்கள் ஊர்ப்பக்கம் நடந்ததைச் சொல்கிறோம். ஒரு கிராம சபையில், நூறு நாள் வேலைக்குப் போகும் ஓர் அக்கா எழுந்து, இன்ன சர்வே எண்ணில் இருக்கும் நிலம் பஞ்சமி, அது எங்கள் தாத்தாவுக்குக் கொடுத்தது என்று சொன்னார். நிலத்தை வைத்திருப்பவர் ஒரு கட்சியின் ஒன்றியப் பொறுப்பாளர். பத்து நாளில் வக்கீல் நோட்டீஸ் வந்தது. பகிரங்க மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லையென்றால் பத்து லட்சம் மானநஷ்ட ஈடு, கூடவே கிரிமினல் வழக்கு. அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அக்கா எங்களிடம் கேட்டது ஒன்றுதான்: "என்ன ஜெயில்ல போட்ருவாங்களாப்பா?"

பழைய 'அ' பதிவேட்டின் நகலை இணைத்து நாங்கள் பதில் அனுப்பினோம். அதில் அந்த சர்வே எண்ணுக்கு நேரே டி.சி. நிலம் என்று குறிப்பு இருந்தது. அதன்பின் அந்தப் பக்கமிருந்து சத்தமே இல்லை. வழக்கும் வரவில்லை. ஆனால் அடுத்த கிராம சபையில் அந்த நிலத்தைப் பற்றிப் பேச ஒருவரும் எழவில்லை. நோட்டீஸ் தன் வேலையைச் செய்துவிட்டது. மனு இன்னும் தாலுகா ஆபீஸில் கிடக்கிறது.

களத்துக்கு வரும் மாணவத் தோழர்கள் சிலவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். முதலில் ஆவணம், பிறகு மைக். யூ.டி.ஆருக்குப் பிந்தைய பட்டாவை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள், அதற்கு முந்தைய பதிவேடுகளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். "இவன் திருடன்" என்று பேசாதீர்கள். "இந்த சர்வே எண்ணுக்குப் பதிவேடு இப்படிச் சொல்கிறது" என்று பேசுங்கள். அதிகாரம் உள்ள அதிகாரியிடம் நல்லெண்ணத்தோடு கொடுக்கும் புகார் அவதூறு ஆகாது, சட்டத்திலேயே அந்த விலக்கு இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எஃப்) பிரிவு, நமக்கு ஒதுக்கப்பட்ட நிலத்தைச் சட்டவிரோதமாக வைத்திருப்பதைக் குற்றம் என்கிறது. 3(1)(பி) பிரிவு, பட்டியல் சாதியினர் மீது பொய்யாகவோ தொல்லை கொடுக்கவோ வழக்குப் போடுவதையும் குற்றம் என்கிறது. நோட்டீஸ் வந்தால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

தலைவர்கள் மீது பொய் சொல்லப்பட்டால் அவர்கள் சும்மா இருக்க வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. தலித் மக்களும் பொய்யான பழியால் அன்றாடம் காயப்படுகிறவர்கள்தான். ஆனால் நில ஆவணத்தால் தீரக்கூடிய சந்தேகத்துக்குச் சிறைத்தண்டனைச் சட்டம் எதற்கு? ஆவணங்களை முழுவதுமாகப் பொதுவில் வைப்பதுதான் பதில். குற்றம் சாட்டுகிறவர்களுக்கும் அதே அளவுகோல்தான். பஞ்சமி நிலத்தின் மேல் உண்மையான அக்கறை இருந்திருந்தால், "எண்ணம் இல்லை" என்று சொல்லிவிட்டுப் போயிருக்க மாட்டார்கள்.

1994 அக்டோபர் 10. காரணை பஞ்சமி நிலத்துக்காகப் போராடியவர்கள் மீது செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள். அவர்கள் கேட்டது யாருடைய மன்னிப்பையும் அல்ல, நிலத்தை.

நாமும் அதையே கேட்போம். மாவட்ட வாரியாக, சர்வே எண் வாரியாக, பஞ்சமி நிலங்கள் இன்று யார் பெயரில் இருக்கின்றன என்று தமிழ்நாடு அரசு வெள்ளை அறிக்கை வெளியிட வேண்டும். கோடம்பாக்கமும் அந்தப் பட்டியலில் வரட்டும், எங்கள் அக்காவின் ஊரும் வரட்டும். அடுத்த கிராம சபைக்கு அவரோடு நாங்களும் போகிறோம்.