ஓடுற பிள்ளையைப் படமெடுக்க எந்த லென்ஸ்?

கபடி, வாலிபால், ஓட்டப்பந்தயம் படமெடுக்க லென்ஸ் வாங்கப் போறீங்களா? கையில் காசு கம்மியா? அப்போ இந்த இழை உங்களுக்குத்தான். கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க மக்களே.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன்.

"எவ்ளோ தூரம் இழுக்கும்?" என்று கேட்டு லென்ஸ் வாங்காதீங்க. "எவ்ளோ வெளிச்சத்தை உள்ளே விடும்?" என்று கேட்டு வாங்குங்க. புதுசுக்குக் காசு பத்தலைன்னா பழசு வாங்குங்க. அதுக்கும் பத்தலைன்னா ஜூமை மறந்துட்டு நாலடி முன்னாடி நடந்து போய் எடுங்க. கடன் மட்டும் வாங்காதீங்க.

அரசு மருத்துவருக்கு இதில் என்ன வேலைன்னு கேட்கலாம். சொல்றேன்.

சுற்றுலா வர்றவங்க பார்க்கிற ஏற்காடு ஏரி, லேடீஸ் சீட் எல்லாம் ஒரு உலகம். மாரமங்கலம் மாதிரி சேர்வராயன் மலைக் கிராமங்கள் இன்னொரு உலகம். இங்கே பள்ளிக்கூடம் விட்ட பிறகுதான் விளையாட்டு களை கட்டும். அதுக்குள்ள வெயில் மலைக்குப் பின்னாடி இறங்கியிருக்கும். மிச்சம் இருக்கிற வெளிச்சத்தை சில்வர் ஓக் மரங்களும் மூடுபனியும் பங்கு போட்டுக்கும்.

அந்த வெளிச்சத்தில் நம்ம பிள்ளைகள் ஆடுறதைப் படமெடுக்க ஆசைப்படுற இளைஞர்கள் நிறைய. கல்யாண வீடுகளுக்கு உதவியாளரா போய் சேர்த்த காசில் ஒரு கேமரா வாங்கியிருப்பாங்க. எடுத்துப் பார்த்தா முகம் கலங்கிக் கிடக்கும். கடைக்குப் போனா ஒரு பெரிய லென்ஸைக் கையில் கொடுப்பாங்க. அதன் பின்னாலேயே தவணைத் திட்டமும் வரும்.

"தூக்கமே வரலை சார், நெஞ்சு படபடன்னு அடிக்குது" என்று ஓபிக்கு வர்ற இருபத்தஞ்சு வயசுப் பையன்கிட்ட ரெண்டு நிமிஷம் பேசிப் பாருங்க. பல நேரம் கடைசியில் வெளியே வர்றது ஒரு தவணைக் கணக்குதான். அதனால இது என் வேலையும்கூட.

சரி, படம் ஏன் கலங்குது?

நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கும்போது "மூச்சை இழுத்து அடக்குங்க, அசையாதீங்க" என்று சொல்வாங்க இல்லையா? அசைஞ்சா படம் கலங்கும். அழுற குழந்தைகிட்ட இதைச் சொல்ல முடியுமா? அப்போ எக்ஸ்ரே டெக்னீஷியன் கதிர் பாயும் நேரத்தைக் குறைப்பார். அதை ஈடுகட்ட மின்னோட்டத்தைக் கூட்டுவார்.

விளையாட்டுப் படமும் இதேதான். ஆடுறவங்களை அசையாதேன்னு சொல்ல முடியாது. நேரத்தைத்தான் குறைக்கணும்.

ஒரு பிள்ளை நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் ஓடுதுன்னு வெச்சுக்கோங்க. 1/125 நொடியில் அது கிட்டத்தட்ட 5 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். முகம் போச்சு. 1/1000 நொடியில் 6 மில்லிமீட்டர்தான் நகரும். முகம் நிற்கும்.

இங்கே ஒரு பொதுவான ஏமாற்றம். "இந்த லென்ஸில் ஸ்டெபிலைசேஷன் இருக்கு, கலங்காது" என்பாங்க. அது உங்க கை நடுக்கத்துக்கு வைத்தியம். ஓடுறவங்களோட கால் வேகத்துக்கு அல்ல. ரெண்டும் வேற வேற நோய்.

நேரத்தைக் குறைச்சா வெளிச்சம் குறையும். அதை ஈடுகட்ட லென்ஸின் துவாரம் பெருசா இருக்கணும். இருட்டில் நம்ம கண்ணின் பாப்பா விரியுதே, அதே வேலை. லென்ஸில் இதை எஃப் எண்ணால் சொல்வாங்க. எண் சின்னதா இருந்தா துவாரம் பெருசு. எஃப் 5.6 லென்ஸைவிட எஃப் 2.8 லென்ஸ் நாலு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும்.

விலை ஏன் ஏறுதுன்னும் இதிலேயே தெரியும். லென்ஸின் குவியத் தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தா துவாரத்தின் விட்டம் கிடைக்கும். 200 மி.மீ. எஃப் 2.8 என்றால் சுமார் 71 மி.மீ. துவாரம். 85 மி.மீ. எஃப் 1.8 என்றால் 47 மி.மீ. போதும். கண்ணாடி பெருசாக ஆக எடையும் விலையும் ஏறும். தூரம், வெளிச்சம் ரெண்டையும் சேர்த்துக் கேட்டால்தான் லட்ச ரூபாய் தாண்டுது. ஒண்ணை விட்டுக்கொடுத்தா விலை இறங்கும். விட்டுக்கொடுக்க வேண்டியது தூரத்தை.

ஒரு உதாரணக் கணக்கு. விளக்கு போட்ட கபடிக் களத்தில் எஃப் 2.8, ஐஎஸ்ஓ 3200, 1/1000 நொடி வெச்சா படம் சரியா வருதுன்னு எடுத்துக்குவோம்.

அதே இடத்தில் எஃப் 5.6 லென்ஸ் போட்டா 1/250 நொடிக்கு இறங்கணும். இல்லைன்னா ஐஎஸ்ஓவை 12800க்கு ஏத்தணும்.

எஃப் 1.8 லென்ஸ் போட்டா 1/1000 நொடிக்கு ஐஎஸ்ஓ சுமார் 1300 போதும்.

ஒரு விஷயம் மனசில் வையுங்க. ஐஎஸ்ஓ ஏறினா வர்ற புள்ளிகளை சாப்ட்வேரில் ஓரளவு குறைக்கலாம். அசைஞ்சு கலங்கின முகத்தை நம்பகமா மீட்க முடியாது. ரெண்டில் ஒண்ணுதான் கிடைக்கும்னா ஐஎஸ்ஓவை ஏத்துங்க.

இப்போ பிரிஸ்கிரிப்ஷனுக்கு வருவோம். வெளிச்சம் எப்படி, தூரம் எவ்வளவு: இந்த ரெண்டையும் கேட்டுட்டுத்தான் மருந்து.

முதல் நிலை: காலை வெயிலில் நடக்கிற பள்ளி விளையாட்டு விழா. நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 400, எஃப் 5.6 வெச்சாலே 1/3200 நொடி கிடைக்கும். கேமராவோடு வந்த 55-250 அல்லது 70-300 ஜூம் தாராளமா போதும். எதுவும் வாங்காதீங்க. நோய் இல்லாதவருக்கு மருந்து எதுக்கு?

ரெண்டாம் நிலை: மூடுபனி, மாலை நேரம், விளக்கு வெளிச்சம். ஆனா களத்தோரம் வரை போகலாம். கபடி, வாலிபால், கோ-கோ எல்லாம் இதில் வரும். இதுக்கு 85 மி.மீ. எஃப் 1.8. ஆண்கள் கபடிக் களம் 13க்கு 10 மீட்டர்தான். சாதாரண கிராப் சென்சார் கேமராவில் இந்த லென்ஸைப் போட்டு, கேமராவை நிமிர்த்திப் பிடிச்சா, 10 மீட்டர் தூரத்தில் இரண்டே முக்கால் மீட்டர் உயரம் படத்துக்குள் வரும். பாடி வர்றவர் எகிறிக் குதிச்சாலும் தலை வெட்டுப்படாது. கேனானின் 85 எஃப் 1.8 யூஎஸ்எம் 1992லேயே வந்தது, எடை 425 கிராம். நிக்கானின் 85 எஃப் 1.8 ஜி 2012இல் வந்தது, 350 கிராம். காசு கம்மியா இருக்கிறவங்களுக்கு என் முதல் சிபாரிசு இதுதான். பழசா கிடைச்சா இன்னும் நல்லது.

மூணாம் நிலை: வெளிச்சமும் கம்மி, தூரமும் அதிகம். சாயங்கால கால்பந்து மாதிரி. இதுக்குத்தான் 70-200 எஃப் 2.8. புதுசு வேண்டாம். கேனானின் 70-200 எஃப் 2.8 எல் வரிசையில் ஸ்டெபிலைசேஷன் இல்லாத 1995 மாடலைத் தேடுங்க. ஓடுறவங்களுக்கு ஸ்டெபிலைசேஷன் உதவாதுன்னு மேலே பார்த்தோமே, அதுக்கு ஏன் கூடுதல் காசு? ஜூம் தேவையில்லைன்னா அதே கேனானின் 200 மி.மீ. எஃப் 2.8 இருக்கு. ஜூம் 1.3 கிலோ, இது 765 கிராம்.

நிக்கான்காரங்க ஒரு இடத்தில் உஷார். பழைய 80-200 எஃப் 2.8 டி அருமையான லென்ஸ். ஆனா அதுக்குள்ள ஃபோகஸ் மோட்டார் கிடையாது, கேமரா பாடியில்தான் இருக்கணும். டி3500, டி5600 மாதிரி பாடிகளில் அது இல்லை. நிக்கான் மிரர்லெஸ்ஸில் எஃப்டிஇசட் அடாப்டர் போட்டாலும் அந்த லென்ஸ் தானா ஃபோகஸ் ஆகாது. கேட்காமல் வாங்கினா வீட்டில் அலங்காரப் பொருள்தான். கேனானில் அந்தக் கவலை இல்லை. பழைய ஈஎஃப் லென்ஸ்கள் அடாப்டர் போட்டா மிரர்லெஸ்ஸிலும் ஃபோகஸ் ஆகும்.

டாம்ரான், சிக்மா வாங்கலாமான்னு கேட்பீங்க. தாராளமா. லென்ஸ் உலகின் ஜெனரிக் மருந்துகள் அவை. ஒரே வித்தியாசம்: ஜெனரிக் மருந்தில் அதே மூலப்பொருள் இருக்கும். இங்கே கண்ணாடியும் மோட்டாரும் வேற. அதனால உங்க பாடியில் மாட்டி, ஓடுற ஆளை வெச்சு சோதிச்ச பிறகு காசு கொடுங்க.

இன்னொரு குழப்பம். "ஃபாஸ்ட் லென்ஸ்" என்றால் வெளிச்சம் நிறைய விடும் லென்ஸ்னு அர்த்தம். ஃபோகஸ் வேகமா ஆகும்னு அர்த்தம் இல்லை. முகப் படத்துக்காகச் செய்த சில எஃப் 1.4 லென்ஸ்கள் ஃபோகஸில் ஆமை. துவாரம் விரிய விரிய ஃபோகஸ் நிற்கும் ஆழமும் குறையும். 85 மி.மீ.யை எஃப் 1.8இல் வெச்சா, 5 மீட்டர் தூரத்தில் சுமார் 25 சென்டிமீட்டர்தான் தெளிவா இருக்கும். அதனால முடிவுக் கோட்டில் முன்கூட்டியே ஃபோகஸ் வெச்சுக் காத்திருக்கப் பழகுங்க. இந்தப் பழக்கத்துக்கு விலை கிடையாது.

நல்ல கருவி இல்லாம நல்ல படம் வருமான்னு சந்தேகமா? மா. கிருஷ்ணன் பற்றித் தேடிப் படிங்க. எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன். 1912இல் திருநெல்வேலியில் பிறந்தவர், 1970இல் பத்மஸ்ரீ வாங்கினவர். வெவ்வேறு கருவிகளின் பாகங்களைச் சேர்த்துக் கோத்த ஒரு பெரிய கேமராவை வெச்சுக்கிட்டு காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர். அந்தக் கேமராவுக்கு அவர் வெச்ச பேர் 'சூப்பர் பாண்டரோசா'. விலங்கு எங்கே, எப்போ, எப்படித் திரும்பும்னு அவருக்குத் தெரியும். உங்க ஊர்க் கபடி ஆட்டக்காரர் எந்தப் பக்கம் பாய்வார்னு உங்களுக்கும் தெரியும். வெளியூர்ப் போட்டோகிராபருக்குத் தெரியாது.

இனி பழைய லென்ஸை உடல் பரிசோதனை செய்றது எப்படி?

1. இருட்டு அறையில், லென்ஸ் வழியா டார்ச் அடிச்சு ரெண்டு பக்கமும் பாருங்க. சிலந்தி வலை மாதிரி, வேர் மாதிரி தெரிஞ்சா அது பூஞ்சை. வாங்காதீங்க. முத்திப் போனா கண்ணாடியின் பூச்சையே அரிச்சிடும்.

2. துவாரத்தின் தகடுகளில் எண்ணெய்க் கசிவு இருக்கான்னு பாருங்க.

3. பக்கத்தில் ஒண்ணு, தூரத்தில் ஒண்ணு என்று மாத்தி மாத்திப் பத்து தடவை ஃபோகஸ் செய்யுங்க. தடுமாறக் கூடாது.

4. துவாரத்தை முழுசா திறந்து வெச்சு செங்கல் சுவரை நேராக நின்னு படமெடுங்க. ஒரு ஓரம் தெளிவா, இன்னொரு ஓரம் கலங்கலா இருந்தா, அந்த லென்ஸ் கீழே விழுந்து அடிபட்டதா இருக்கலாம்.

5. பில் கேளுங்க. அதில் இருக்கிற சீரியல் எண்ணை லென்ஸில் இருப்பதோடு ஒப்பிடுங்க.

மலையில் இருக்கிறவங்களுக்குத் தனியா ஒண்ணு. பூஞ்சை வித்துகள் காற்றில் எங்கேயும் இருக்கு. அதுக்குத் தேவை ஈரம், அது நம்ம ஊரில் தாராளம். லென்ஸைத் தோல் பையிலோ பீரோவிலோ போட்டு மாசக் கணக்கா மூடி வைக்காதீங்க. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பதமானி போதும். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கட்டும். அரிசியில் புதைக்காதீங்க, தூசிதான் சேரும். நீல நிற சிலிக்கா ஜெல்லில் கோபால்ட் உப்பு இருக்கு, அது நஞ்சு. அதைச் சமையல் கடாயில் வறுக்காதீங்க, குழந்தைகளுக்கு எட்டாம வையுங்க.

"சார், எனக்கு இது பொழுதுபோக்கு இல்லை, பிழைப்பு" என்று சொல்றவங்களுக்கு: அப்பவும் முதல்ல வாடகைக்கு எடுங்க. சேலம் மாதிரி ஊர்களில் லென்ஸ் நாள் வாடகைக்குக் கிடைக்கும். ஒரு வருஷம் நோட்டில் எழுதி வையுங்க: எத்தனை நாள் வாடகைக்கு எடுத்தீங்க, அந்த நாட்களில் எவ்வளவு வந்தது. கொடுத்த வாடகை ஒரு பழைய லென்ஸின் விலையை நெருங்கினா, அப்போ வாங்குங்க. அந்த லென்ஸ் வேணுமா வேண்டாமான்னு உங்க நோட்டே சொல்லிடும்.

கடைசியா ஒண்ணு. லென்ஸில் மிச்சம் பிடிச்ச காசில் கொஞ்சத்தைப் பிரிண்ட் போட ஒதுக்குங்க. பிள்ளைகள் படத்தை இணையத்தில் போடும் முன்னாடி வீட்டிலும் பள்ளியிலும் அனுமதி கேளுங்க. ஆனா பிரிண்ட்டை அந்தந்த வீட்டில் கட்டாயம் கொடுங்க. எங்க மலையில் பல வீடுகளில், பிள்ளை ஓடி ஜெயிச்சதுக்கு ஒரு சான்றிதழ் இருக்கும், படம் இருக்காது. முகம் தெளிவா தெரியற ஒரு படம் அந்தச் சுவரில் ஏறட்டும். எந்த லென்ஸில் எடுத்தீங்கன்னு அந்த வீட்டில் யாரும் கேட்க மாட்டாங்க.