இறக்கிவிடப்பட்டவனின் பாட்டு

மேனாட்டு ரயில் பாட்டு என்றாலே, வேலையற்ற ஊர்சுற்றியின் கும்மாளம் என்று முகம் சுளிப்போர் நம்மிடையே உண்டு. அவர்கள் ஜிம்மி ராட்ஜர்ஸ் 1928-இல் பாடிப் பதிவு செய்த ‘வெயிட்டிங் ஃபார் எ ட்ரெயின்’ பாட்டை ஒருமுறை கேட்கட்டும். காசில்லாத ஒருவன் வீடு திரும்பக் கூட்ஸ் வண்டியில் இடம் கேட்கிறான், பிரேக்மேன் மறுக்கிறான், டெக்சாஸில் இறக்கிவிடப்படுகிறான். கதை அவ்வளவே!

பாடியவர் யார்? 1897-இல் பிறந்து, மிசிசிப்பி மாநிலத்து மெரிடியன் நகர்ப் பக்கம் வளர்ந்து, தாமே பிரேக்மேனாக உழைத்தவர். இறக்கிவிடும் உத்தியோகம் பார்த்தவர், இறக்கிவிடப்பட்டவனின் வாயாகிப் பாடுகிறார். இதையா கும்மாளம் என்பது? காசநோய் அவரது ரயில் வேலையைப் பறித்தது. 1933-இல், 35 வயதில், உயிரையும் பறித்தது.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. அவர் பாட்டுக்கு உரம் கறுப்பின மக்களின் புளூஸ் இசை. 1930-இல் அவருடைய ‘புளூ யோடல்’ வரிசையின் ஒன்பதாம் பாட்டுக்கு டிரம்பெட் வாசித்தவர் லூயி ஆம்ஸ்ட்ராங். பியானோ அவர் மனைவி லில். இசைத்தட்டில் அவ்விருவர் பெயரும் அச்சிடப்படவில்லை.